தெர்மாமீட்டர் மிஸ்ஸின் மூன்று நிமிடம்

மைசூரில் காய்ச்சலே இல்லாத பிள்ளைகளுக்கு அதிகத் தடவை காய்ச்சல் பார்த்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு எல்லாமே எங்கள் பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டர் மிஸ்ஸுக்குத்தான் போகும். பரிசு கொடுக்க வந்த பிரமுகரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வாயத் தொறங்க" என்று சொல்லாமல் அவர் மேடையை விட்டு இறங்கவும் மாட்டார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்.கே.ஜி. பொடிசு முதல் வேன் டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் தெர்மாமீட்டர் மிஸ்தான். நான் மட்டும் மரியாதையாக 'சிஸ்டர்' என்பேன். பெரிய ஆஸ்பத்திரியில் வெகுகாலம் நர்ஸாக இருந்துவிட்டு, கால் வலி தாங்காமல் எங்கள் பள்ளியின் சிக் ரூமுக்கு வந்தவர். பிறந்த ஊர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் கிராமமான மார்டள்ளி. சனிக்கிழமை மதியம் கொள்ளேகால் பஸ் ஏறினார் என்றால் திங்கள் காலை ஒரு பை பச்சைக் கடலையோடு திரும்பி வருவார். காட்டன் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் கான்வாஸ் ஷூ, மற்றவர்கள் பேனா குத்தியிருக்கும் இடத்தில் தெர்மாமீட்டர். இதுதான் அவர் தோற்றம்.

நான் அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என்னைப் பற்றி ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். நான் கேஸ் சிலிண்டரை மூன்று முறை மூடிவிட்டு, மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் ஸ்கூட்டரைத் திருப்புகிறவன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத மார்ச் மாதத்திலும் என் பையில் குடை இருக்கும். ஆகவே பள்ளிக்கூடத்தில் பயத்தைப் போக்குகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், எனக்கு முதலில் வருவது பயம்தான்.

சிஸ்டர் அப்படிக் கிளம்பிய கதை இது. பிள்ளைகளின் மனநலத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எங்கள் நிர்வாகத்திடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எச்.எம். மேடம் சுறுசுறுப்பானவர். அன்று மாலைக்குள் 'பயப்படாதே' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துப் பரீட்சை ஹால் சுவரெல்லாம் ஒட்டிவிட்டார். அதுவரை சிரித்துக்கொண்டு உள்ளே போன நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, உள்ளே என்ன நடக்கப் போகிறது என்று ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். அடுத்து ஒரு பேச்சாளரை வரவழைத்தார். அவர் மன அழுத்தத்தின் தீமைகளைப் பற்றி மூன்று மணி நேரம் மைதானத்து வெயிலில் பேசினார். ஒரு பையன் மயங்கி விழுந்தான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போன தெர்மாமீட்டர் மிஸ்ஸிடமே அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார் எச்.எம். வேறு யாரும் கை தூக்கவில்லை.

சிக் ரூம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு எடை மெஷின், பிள்ளைகள் மீசை வரைந்துவிட்ட ஒரு மனித உடல் படம். வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான். "மிஸ், ஹொட்டே நோவு." வயிற்று வலி. அதுவும் டெஸ்ட் இருக்கிற நாளில்தான் வலிக்கும். முன்பு இருந்த ஆயா, நடிக்கிறாய் என்று விரட்டிவிடுவார். இவர் விரட்டவில்லை.

"வலி பொய்யில்லீங்க சார்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். "வெசனம் வயித்துல போய் உக்காந்துக்கும். வயிறு என்ன பண்ணும் பாவம், வலிக்கத்தானுங்க வலிக்கும்."

அவருடைய வைத்தியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வந்த பிள்ளையின் வாயில் முதலில் தெர்மாமீட்டர். மூன்று நிமிடம் பேசக் கூடாது. அப்புறம் ஒரு முறம் நிறையப் பச்சைக் கடலையைக் கொடுத்து உரிக்கச் சொல்வார். எதுவும் கேட்க மாட்டார். இருபது கடலை உரிப்பதற்குள் பிள்ளை தானாகப் பேச ஆரம்பித்துவிடும். உரித்த கடலையை அடுத்த வயிற்று வலிக்காரர் சாப்பிடுவார். சில பிள்ளைகளைப் பார்த்ததும், "இது என் கடலைக்கு அடங்காதுங்க" என்று பெற்றோரை வரவழைத்து, அவரே கூட ஆட்டோவில் ஏறி டாக்டரிடம் அழைத்துப் போய்விடுவார். அதில் மட்டும் அவர் விளையாடியதே கிடையாது.

கடலைக்கு அடுத்த மருந்து ஜெனரேட்டர். சிக் ரூமை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் பழைய ஜெனரேட்டர் இருந்தது. அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கரண்ட் போன அடுத்த நிமிடம் கொட்டகை வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் ஜன்னலோரம் நின்று, மனசில் இருப்பதைத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். யார் என்ன கத்தினார்கள் என்பது கடவுளுக்கும் டீசலுக்கும் மட்டும் தெரியும்.

ஒரு மழை நாளில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டது. ஜெனரேட்டர் சட்டென்று நின்றது. அந்த அமைதியில், எல்லா வகுப்புக்கும் எச்.எம். அறைக்கும் கேட்கும்படியாக ஒரு சின்னக் குரல் கத்திக்கொண்டிருந்தது. "நனகெ ஃபர்ஸ்ட் ரேங்க் பேடா." எனக்கு முதல் ரேங்க் வேண்டாம். ஏழாம் வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிற பெண். அன்று பார்த்து அவள் அம்மா, பெற்றோர் சங்கக் கூட்டத்துக்காக எச்.எம். அறையில் உட்கார்ந்திருந்தார்.

நான் நகத்தைக் கடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். இன்றோடு சிஸ்டர் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா எழுந்து, படியிறங்கி, கொட்டகை வரை போனார். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தெர்மாமீட்டர் மிஸ்ஸிடம், பெரியவர்களையும் உள்ளே விடுவீர்களா என்று கேட்டார்.

"கரண்ட் போகட்டுங்க, சொல்லி அனுப்பறேன்" என்றார் இவர்.

இவ்வளவு நடந்தும் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வரவில்லை. பயம் இல்லாமல் படிப்பு எப்படி வரும் என்பது என் கட்சி. நான் அப்படித்தான் படித்தேன். என் மகள் சஞ்சனா அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவளுக்காக எங்கள் வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை போர்டு மாட்டியிருந்தேன். ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவேன். 'பரீட்சைக்கு இன்னும் 291 நாள்.' 'இன்னும் 290 நாள்.' பயமுறுத்துகிற மாதிரி இருக்கக் கூடாது என்று எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் போடுவேன். ஊக்கம் கொடுக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் அரையாண்டுப் பரீட்சை நெருங்கிய சமயம் எனக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. சிக் ரூமுக்குப் போனேன். தெர்மாமீட்டர் மிஸ் பெரிய மனிதர், சின்னப் பிள்ளை என்ற வித்தியாசம் பார்க்காதவர். வாயில் தெர்மாமீட்டரைச் செருகினார். "மூணு நிமிசமுங்க, வாயத் தொறந்தா மறுபடி மொதல்லருந்து" என்று சொல்லிவிட்டு மூலையில் இருந்த ஒரு பையனின் முழங்காலுக்கு மருந்து போடப் போனார்.

என் எதிரே மேஜையில் அவருடைய பதிவேடு திறந்து கிடந்தது. பெயர், வகுப்பு, நோவு, மருந்து என்று நான்கு கட்டங்கள். சும்மா கண்ணை ஓட்டினேன். 'சஞ்சனா, பத்து பி, வயிறு, கடலை.' அதற்கு மேலே நான்கு வரி தள்ளி மறுபடி சஞ்சனா. பக்கத்தைத் திருப்பினேன். சஞ்சனா. அதற்கு முந்தின பக்கம், சஞ்சனா. எல்லாம் கணக்கு டெஸ்ட் வைத்த செவ்வாய்க்கிழமைகள். என் மகள் ஜூன் மாதத்திலிருந்து இங்கே வந்து கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால் வாயில் தெர்மாமீட்டர். விரலால் பதிவேட்டைத் தட்டித் தட்டிக் காட்டினேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார்.

பொறுக்க முடியாமல் வாயிலிருந்து அதைப் பிடுங்கினேன். அப்போதுதான் பார்த்தேன், அதன் கண்ணாடியில் எண்ணே இல்லை. வெறுமையாக இருந்தது.

"சிஸ்டர், இது வேலையே செய்யலையே?"

"பேட்டரி போயி ஒரு வருசம் ஆச்சுங்க. நெசமான காச்சலுக்கு வேற ஒண்ணு டிராயர்ல இருக்குது."

"அப்ப இத எதுக்கு எல்லார் வாயிலயும் வைக்கிறீங்க?"

"மூணு நிமிசம் வாய மூடி, மூக்கால மூச்சு விடோணுமில்லைங்க? சும்மா விடுன்னு சொன்னா எந்தப் புள்ள விடும்? நீங்களே பாதியில புடுங்கிட்டீங்க."

நான் பதிவேட்டைக் காட்டி, என் மகளுக்கு என்ன என்று கேட்டேன்.

"அது பாப்பாவுக்கும் எனக்கும்ங்க. அவளே சொல்லுவா. ஆபத்தா இருந்தா நானே உங்க வீட்டுக் கதவத் தட்டியிருப்பேன்."

"நான் அவ அப்பா."

"தெரியுமுங்க. அதனாலதான் அவளே சொல்லோணும்."

நியாயமாக நான் அன்று மாலை மகளிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பயந்தவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது நேரான ஆள் மேல் போகாது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் எச்.எம்.முக்கு ஒரு மொட்டைக் கடுதாசி அடித்தேன். பேட்டரி இல்லாத கருவியால் பிள்ளைகளை ஏமாற்றுவது, ஜெனரேட்டர் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்துவது, பெற்றோரிடம் மறைப்பது என்று மூன்று குற்றச்சாட்டு. கையெழுத்து இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் எச்.எம். அறைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டேன். மறுநாளே ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. பரீட்சை நேரத்தில் கரண்ட் போனபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் ஆறேழு பிள்ளைகள் பேசாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதை வராந்தாவிலிருந்து பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பிறகு கணக்குத் தாள் கட்டு வந்தது. சொந்தப் பிள்ளையின் வகுப்புத் தாளை நான் திருத்துவதில்லை. ஆனால் பி பிரிவின் ஆசிரியை பிரசவ விடுப்பில் இருந்ததால் அந்தத் தடவை என்னிடமே வந்தது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து திருத்தினேன். சஞ்சனாவின் தாளில் பெயர் இருந்தது. எண் இருந்தது. ஸ்கேல் வைத்து ஒழுங்காகப் போட்ட மார்ஜின் கோடு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினேன், இன்னொன்றைத் திருப்பினேன், கடைசி வரை வெள்ளை.

பூஜ்யம் போடக் கை வரவில்லை. தாளை எடுத்து என் பீரோவில் சட்டைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி முடிவு வருகிற மாதங்களில் செய்தித்தாளில் என்னென்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அந்தப் பக்கத்தை எப்போதும் மடித்து வைத்துவிடுவேன். இப்போது அந்தப் பக்கம் முழுக்க என் தலைக்குள் விரிந்துகொண்டது. நான்கு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அவள் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது தேடுகிற மாதிரி நடித்தேன். அவள் சைக்கிளில் டியூஷன் போனால் ஸ்கூட்டரில் பத்தடி பின்னால் போனேன். பால்கனியில் இருந்த நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டேன். ஏன் என்று கேட்ட மனைவியிடம் மழை என்றேன். அன்று நல்ல வெயில்.

மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதையாவது கேட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். அதற்குப் பதில் தினமும் அவளுக்குப் பிடித்த ரவா இட்லி செய்து கொடுத்தேன். அவள் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். போர்டில் எண் மட்டும் தவறாமல் குறைந்துகொண்டு வந்தது. பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது.

தசரா விடுமுறைக்கு முந்தின கடைசி நாள் எங்கள் பள்ளியில் ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், லேப் தராசு, வேன், கிரிக்கெட் மட்டை என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், செவந்திப் பூ. பூஜையில் வைத்த பொருளை விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. அன்று காலை சமையலறையில் எண்ணை அழிக்கத் துணியோடு போனால் போர்டைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது. மனைவி, தனக்குத் தெரியாது என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சஞ்சனா அதற்குள் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். ஊர்வல யானைகள் ஒத்திகைக்கு வந்ததால் சாலையை மறித்திருந்தார்கள். ஊரே யானையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் ஒருவன் ஸ்கூட்டரில் உட்கார்ந்து, நகரு நகரு என்று யானையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குள் நுழைந்ததும் சிக் ரூம் வாசலில் கூட்டம். ஒரு நீள மேஜையில் புதுத் துணி விரித்திருந்தது. தெர்மாமீட்டர் மிஸ் பிள்ளைகளிடம் முன்தினமே சொல்லியிருக்கிறார். ஆயுதத்துக்கெல்லாம் லீவு விடுகிறார்களே, உங்களைப் பயமுறுத்துகிற சாமானுக்கும் லீவு விடலாம், கொண்டு வந்து வையுங்கள், விஜயதசமி வரை அது உங்களைத் தொடாது, நீங்களும் அதைத் தொட வேண்டாம் என்று. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். பூஜை முறையெல்லாம் அவருக்குத் தெரியாது. பொட்டு வைப்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு ஊதுவத்தி மட்டும் கொளுத்திவிட்டார்.

மேஜையில் என்னென்னவோ இருந்தன. ஒரு வயலின். ஒரு நீச்சல் தொப்பி. ஒரு ஹிந்திப் புத்தகம். அண்ணன் வாங்கிய தங்க மெடல் ஒன்று. யாரோ ஒரு அப்பாவின் பெல்ட். அதைப் பார்த்துக்கொண்டு எச்.எம். மேடம் நின்றார். நடுவில் ஒரு வெள்ளை போர்டு இருந்தது. நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, செவந்தி மாலை போட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். 'பரீட்சைக்கு இன்னும் 174 நாள்.' பக்கத்தில் சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்துக்கும் யாரோ குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

என் கையெழுத்து. கரும்பலகையில் தினமும் பார்க்கிற கையெழுத்து என்பதால் பள்ளியில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளைகள் போர்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் சஞ்சனா நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

எனக்கு வாய் திறந்துகொண்டது. என்ன சொல்லப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. நல்லதாக இருந்திருக்காது. அதற்குள் தெர்மாமீட்டர் மிஸ் என் முழங்கையைப் பிடித்து சிக் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போய், கட்டிலில் உட்காரவைத்து, திறந்த வாயில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டார்.

"பாப்பா, உள்ள வா சாமி. அப்பாவுக்கு மூணு நிமிசம் பேச முடியாது. நீ பேசு."

அதில் பேட்டரி இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

சஞ்சனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "போர்டுல நம்பர் கம்மி ஆகுது இல்லப்பா, அத பாத்தா எனக்கு சாப்பாடு உள்ள போகல. தினமும். நீ ஸ்மைலி வேற போடுவே." நிறுத்தினாள். "கணக்கு எனக்கு வரும். உனக்கே தெரியும். ஆனா கொஸ்டின் பேப்பர் கையில வந்தா உன் மூஞ்சிதான் தெரியுது. தப்பு பண்ணா அந்த மூஞ்சி எப்படி ஆகும்னு யோசிச்சிட்டே டைம் போயிடுது. அதனால அன்னிக்கு எழுதவே இல்ல. ஒரு தடவ ஜீரோ வாங்கிட்டா நீ என்ன பண்ணுவேன்னு தெரிஞ்சிடும் இல்ல? அப்புறம் பயப்பட ஒண்ணும் பாக்கி இருக்காது."

நான் தெர்மாமீட்டரைக் கடித்துக்கொண்டிருந்தேன். "கடிக்காதீங்க சார்" என்றார் சிஸ்டர்.

"நீ திட்டுவேன்னு காத்துட்டு இருந்தேன்பா. நாலு நாள். நீ ஒண்ணுமே கேக்கல. ரவா இட்லி பண்ணிக் குடுத்தே. பின்னாடியே ஸ்கூட்டர்ல வந்தே, எனக்குத் தெரியாதா? அதுதான் ரொம்ப பேஜார் ஆச்சு, கொத்தா? தெரியுமா? அப்பா பேசறதையே விட்டுட்டாருன்னா, நான் அவ்ளோ கெட்டுப் போயிட்டேனான்னு."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. எனக்கு மூக்கால்கூட மூச்சு விட முடியவில்லை. என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. மூன்று நிமிடம் இவ்வளவு நீளம் என்று நான் எந்த வகுப்பிலும் உணர்ந்ததில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் மகள் பேசி முடிக்கும் வரை நான் குறுக்கே பேசாமல் இருந்தேன். என் பெருமை அதில் ஒன்றும் இல்லை.

சிஸ்டர் தெர்மாமீட்டரை உருவி, வெறும் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நார்மலுங்க" என்றார்.

"எனக்கும் பயமா இருக்கு சஞ்சு" என்றேன்.

"தெரியும்பா" என்றாள் அவள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிஸ்டர் எங்கள் இரண்டு பேர் மடியிலும் சேர்த்து ஒரு முறத்தை வைத்துவிட்டு வெளியே போனார். விடுமுறை மணி அடிக்கும் வரை நாங்கள் கடலை உரித்தோம்.

கிளம்பும்போது நான் தயங்கித் தயங்கி, "சிஸ்டர், எச்.எம்.முக்கு ஒரு லெட்டர் வந்துதாமே" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எழுதுனதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மேடம் காட்டுனாங்க. ஒவ்வொரு குத்தத்துக்கும் அடியில முக்கோணமா மூணு புள்ளி போட்டுத்தான் 'ஆகவே'ன்னு முடிச்சிருந்துது. மொட்டக் கடுதாசியில தேற்றம் நிரூபிக்கிற ஆளு இந்த ஸ்கூல்ல வேற யாருங்க சார்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க வசதியாக இருந்திருக்கும். நான் நேராக எச்.எம். அறைக்குப் போய், அது என் கடிதம்தான், தப்பு என்று சொல்லி, கொட்டகைச் சாவியைக் கேட்டேன். எச்.எம். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜெனரேட்டருக்கு ஒரு கம்பித் தடுப்பு போட்டுத் தருவதானால் திறக்கலாம் என்றார். விடுமுறையில் நானே ஆளைக் கூட்டி வந்து போட்டேன். பேட்டரியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சஞ்சனாவுக்கு அதற்குப் பிறகு வயிறு வலிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். வலித்தது. குறைவாக வலித்தது. வலித்தால் என்னிடம் சொன்னாள். நான் கேட்டுவிட்டுப் பத்து கேள்வி கேட்காமல் இருக்கப் பழகினேன். சில நாள் முடிந்தது, சில நாள் முடியவில்லை. போர்டை மறுபடி மாட்டவில்லை. ஆனால் எண் என் தலைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த எந்த வைத்தியமும் இல்லை.

மார்ச்சில் பரீட்சை வந்தது. சென்டர் வேறு பள்ளி. கணக்கு அன்று அவளை கேட்டில் இறக்கிவிட்டேன். "போயிட்டு வா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். முதல் மணி அடித்தது. மற்ற பெற்றோர்கள் டீ குடிக்கக் கலைந்தார்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைத் தாள் ஒன்று, மார்ஜின் கோடு மட்டும் போட்டது, கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

"ஏனுங்க சார், வெயில்ல நிக்கிறீங்க" என்று பின்னால் ஒரு குரல். தெர்மாமீட்டர் மிஸ். கோட்டு இல்லை, ஷூ இல்லை. ஊருக்குப் போகிற சேலை. கையில் பை. அன்று அவருக்கு லீவு நாள், அண்ணன் வீட்டில் விசேஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

"பாப்பாவப் பாக்க வந்தீங்களா சிஸ்டர்? இப்பத்தான் உள்ள போனா."

"பாப்பாவுக்கு என்னங்க, அவ எழுதிருவா." அவர் பையை மதில் ஓரம் நிழலில் வைத்துவிட்டு, பக்கத்தில் எனக்கும் இடம் ஒதுக்கினார். "நேத்து போன் பண்ணுனா. நான் உள்ள போயிருவேன் மிஸ், அப்பா வெளில தனியா நிப்பாரு, கொஞ்சம் பாத்துக்குங்கன்னா. அதான் பஸ்ஸ விட்டுட்டேன்."

நான் உட்கார்ந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மார்டள்ளியில் இந்த வருஷம் மக்காச்சோளம் எப்படி, அண்ணன் வாங்கிய பசு எப்படி உதைக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்தார். கடைசி மணி அடிக்கும் வரை, முழுதாக மூன்று மணி நேரம்.

இந்த ஊரில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பவர்களிடம், யாரும் இல்லை என்று சொல்வது என் வழக்கம். அன்றிலிருந்து நான் அப்படிச் சொல்வதில்லை.